வராத மீனுக்கு ஒரு தொட்டி

பயப்படாதீங்கோ ஐயா, மீன்தான். செத்த மீன். வாளி சின்னது, மீன் பெரியது, அதனால் வால் மட்டும் வெளியே நிற்கிறது. பஸ் குலுங்குகிறபோது ஆடுகிறதே தவிர அதில் உயிர் இல்லை.

நீங்கள் கொஞ்சம் தள்ளி இருக்கிறீங்கள். மணக்கிறதோ? மணக்கக்கூடாது. ஐஸ் போட்டு, கறுப்புப் பையால் சுற்றித்தான் வைத்திருக்கிறேன். ஏறும்போது சாரதியும் ஒரு பார்வை பார்த்தான். ஆனால் இந்த மாதத்தில் இந்த வழியில் மீன் ஏறுவது அவனுக்குப் புதிது இல்லை. முந்தி ஒரு பஸ்ஸில் நாலைந்து வாளி ஏறும். பிள்ளைகுட்டிகளோடு சனம் ஏறும். இப்போது குறைந்துவிட்டது. என்னால்தான் குறைந்தது என்று சொல்லுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் இந்தியா, இல்லையா? ஃபோனில் மகளோடு பேசினீங்கள். ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது. கடைசித் தரிப்பில் இறங்கி ரயில் எடுக்கவேண்டும் என்று அவ சொன்னதை நீங்கள் திருப்பிச் சொன்னீங்கள். சரியாகத்தான் விளங்கியிருக்கிறீங்கள். நடுவில் எங்கேயும் இறங்காமல் இருந்தால் போதும், இது நேரே ஸ்டேஷனுக்குத்தான் போகும். நெற்றியில் நாமம் வடிவாக இருக்கிறது. இந்த நாட்டில் காலையிலேயே குளித்து, நாமம் இட்டு, வேட்டியோடு புறப்படுகிற ஆளைக் காண்பது அருமை. நான் யாழ்ப்பாணம். வந்து முப்பது வருசம். உங்களுக்கு விளங்குகிற மாதிரியே கதைக்கிறேன். எங்கள் பேச்சு எங்கேயாவது தடக்கினால் கையைக் காட்டுங்கோ.

இந்த மீனை ஒருத்தனிடம் கொண்டுபோகிறேன். நேசன். முழுப்பெயர் நேசராசா. நாலு வருசமாக அவன் என்னோடு கதைப்பதில்லை. இன்றைக்குக் கதைப்பான் என்று நினைக்கிறேன். கதைக்காவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை. இல்லை, யோசித்தேன். கதைக்காவிட்டால் எனக்கு இந்த நாட்டில் கதைக்க வேறு ஆள் இல்லை. அவ்வளவுதான்.

மனைவி இருக்கிறா. மொன்ரியலில், மகளோடு. பேரன் பிறந்தபோது மூன்று மாதம் என்று சொல்லிப் போனவ. குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கினால் வந்துவிடுவா என்று இருந்தேன். அவன் இப்போது மூன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு ஒரு பேத்தியும் பிறந்துவிட்டாள், அதுதான் இழுபடுகிறது. வருவா. அவவுடைய குளிர் ஜாக்கெட் இன்னும் என் வீட்டில்தான் தொங்குகிறது.

நேசனைச் சந்தித்தது இந்த மீன் வந்த ஆற்றில்தான். சரோ போன முதல் வருசம். சரோ என்றால் என் மனைவி. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தேன். தண்ணீருக்குள் ஏதோ பெரிதாக அசைந்தது. குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். முழங்கால் அளவு தண்ணீரில் தூண்டிலோடு நின்ற ஒருவன் தமிழில் கேட்டான்:

“என்ன அண்ணை அப்பிடிப் பாக்கிறியள்? சமன் ரின் விழுந்திட்டுதோ?”

உங்களுக்கு இந்தப் பகிடி விளங்காது. சால்மன் என்பதை நாங்கள் சமன் என்போம். ஊரில் எந்த மீன் ரின்னில், அதாவது தகர டப்பாவில், அடைத்து வந்தாலும் அதற்குப் பெயர் சமன். உள்ளே இருப்பது வேறு ஏதோ மீன். சால்மன் என்ற மீனுக்கு உயிர், கண், வால் எல்லாம் உண்டு என்று எனக்குத் தெரிந்ததே அன்றைக்குத்தான். ஒவ்வொன்றும் இந்த வாளியில் இருக்கிற அளவு. கல்லுக்கு மேலே தண்ணீர் அரை அடிகூட இல்லை, முதுகு வெளியே தெரியத் தெரிய உரசிக்கொண்டு ஏறுகின்றன. நேசன் கடற்கரை ஊரான். அவனுக்கு மீன் பார்க்கத் தெரியும். நான் தோட்டக்காரன் மகன், மீனைச் சந்தையில் கண்டவன். ஆனால் எனக்கு வாசிக்கத் தெரியும். நூலகத்தில் இருந்து இந்த மீன்களைப் பற்றிய புத்தகங்களை எடுத்து வாசித்து அவனுக்குச் சொல்லுவேன். அவன் திலகாவிடம், அவன் மனைவி திலகா, அவவிடம் சொல்லுவான்: “இவன் சோதி மீனைப் பிடிக்கமாட்டான். அதின்ர சாதகத்தைத்தான் பிடிப்பான்.”

சோதி என்பது நான். பரஞ்சோதி.

ஒவ்வொரு வருசமும் முதல் மீன் திலகாவின் சட்டிக்குப் போகும். அது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. தலையைப் போட்டுக் கூழ் காய்ச்சுவா. பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற கூழ், உங்கள் பக்கம் இல்லை என்று நினைக்கிறேன். சமையல் முடியும்வரை நானும் நேசனும் பின்வளவில் இருப்போம். திலகா சில காலைகளில் அங்கே ஒரு கடதாசித் தட்டில் காகத்துக்குச் சோறு வைத்திருப்பா. காகம் வருவதற்கு முதல் ஏரியில் இருந்து வெள்ளைப் பறவைகள் வந்து அடிபடும். நேசன் கையைத் தட்டிக் கலைப்பான். “போங்கோடா, இது உங்களுக்கில்லை, நீங்கள் வேற டிப்பார்ட்மென்ட்” என்பான். நான் சிரித்துச் சிரித்து இருமுவேன். ஊர்ப்பழக்கத்தை விடாமல் பறவைக்குச் சோறு வைக்கிறா, நல்ல மனம் என்று நினைப்பேன். அப்படிச் சோறு வைத்த நாட்களில் கூழ் இருக்காது, சாம்பாரும் சோறும் தருவா. மீன் இல்லையே என்று நானும் கேட்டதில்லை.

இப்போது சண்டைக்கு வருகிறேன். அதற்கு முதல் மீனைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் விளங்கும். அலுப்பாக இருந்தால் ஜன்னலால் பாருங்கோ, நான் குறை நினைக்கமாட்டேன்.

இந்த ஆறு போய் விழுகிற ஏரியில் இரண்டு சால்மன். ஒன்று அட்லாண்டிக். இதுதான் இந்த ஏரியின் பழைய குடி. வெள்ளைக்காரர் வந்து மரத்தை வெட்டி, ஆலைக்காக ஆற்றை மறித்து, அது நூறு வருசத்துக்கு முந்தியே ஒன்றுகூட இல்லாமல் அழிந்துபோனது. மற்றது சினூக். பசிபிக் பக்கத்து மீன். நாங்கள் பிறந்த காலத்தில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. செப்டம்பர் வந்தால் ஆறு நிறைய ஏறும், முட்டையிடும், அதோடு செத்துப்போகும். எங்கள் சனம் வாளியோடு வருவது சினூக்குக்குத்தான். அட்லாண்டிக் அப்படி இல்லை. முட்டையிட்ட பிறகும் அது உயிரோடு ஏரிக்குத் திரும்பிப் போகலாம், அடுத்த வருசமும் வரலாம். வரலாம் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது. குஞ்சு பொரித்து விட்டுப் பார்த்தார்கள், வந்தது மிகக் குறைவு.

ஆற்றங்கரையில் எங்கள் மீன் கழகத்துக்கு ஒரு பொரிப்பகம் உண்டு, மீன் முட்டையைப் பொரிக்கவைத்துக் குஞ்சு வளர்க்கிற இடம். பழைய நீரேற்றுக் கட்டடம். தலைவர் வால்டர், பல் வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றவர். கழகத்தில் ஆள் குறைந்துகொண்டு போனதால் எங்கள் ஆட்களைச் சேர்க்க அவருக்கு விருப்பம். நேசன் பன்னிரண்டு பதின்மூன்று பேரைக் கொண்டுவந்து சேர்த்தான். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் கூட ஓடும் என்பதால் நான் நடுவில் நின்றேன். வால்டர் சொல்வதை இவர்களுக்கும், இவர்கள் சொல்வதை வால்டருக்கும். நேசனும் நானும் சேர்ந்து முட்டைத் தட்டுகளைப் பார்ப்போம். செத்த முட்டை வெள்ளையாகிவிடும், அதை உடனே எடுக்கவேண்டும். விட்டால் பூஞ்சணம் பிடித்துப் பக்கத்து முட்டைகளையும் கொன்றுவிடும். சின்ன இடுக்கி கொண்டு ஒவ்வொன்றாக எடுக்கிற வேலை. நேசனுடைய கை பெரிது, ஆனால் ஒரு நல்ல முட்டைகூட அவன் கையில் நசிந்ததில்லை.

அந்த வருசம் குழாய்த் தண்ணீர் போதவில்லை. இரண்டு இனத்தையும் வளர்க்க முடியாது, ஒன்றுக்குத்தான் தொட்டி. எதற்கு? இதுதான் கேள்வி. கழகம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. நானும் நேசனும் கூட.

அவன் சொன்னது சுலபமான கதை. சனம் வருகிறது, பிள்ளைகள் வருகிறார்கள், வருசத்தில் ஒரு மாதமாவது எங்கள் ஆட்கள் நாலு சுவருக்குள் அடைபட்டுக் கிடக்காமல் ஒரு ஆற்றங்கரையில் நின்று ஒருவரோடு ஒருவர் கதைக்கிறார்கள். அது சினூக்கால். வருகிற மீனுக்குத் தொட்டியைக் கொடு. நான் சொன்னேன், இது அட்லாண்டிக்கின் வீடு, வீட்டுக்காரனுக்குத்தான் முதலிடம், பொறுமையாக விட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் வரும். அப்படி நான் சொல்ல எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். அப்படியென்றால் இங்கே வந்து குடியேறின நாங்கள் யார் என்று கேட்டார்கள். மருமகன்கூட ஃபோனில் சிரித்தான். மீன் மீன்தான், மனிசன் மனிசன்தான் என்று நான் சொல்லிவிட்டேன். எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை.

நேசன் மட்டும் அதைச் சொல்லவில்லை. ஒரு நாள் பொரிப்பகத்தைப் பூட்டிக்கொண்டு வரும்போது வேறொன்று சொன்னான்.

“சோதி, உனக்கு வராத மீன்தான் வேணும். வந்து நிக்கிறதை நீ திரும்பியும் பாக்கமாட்டாய்.”

மீனைப் பற்றித்தான் சொன்னான். வேறு எதைப் பற்றிச் சொல்லப்போகிறான்?

அதற்குப் பிறகு வால்டர் ஃபோன் எடுத்தார். வாக்கெடுப்புக்குக் கூட்டம் வைக்கவேண்டும், சனிக்கிழமை காலை உங்கள் ஆட்களுக்குச் சரிவருமா என்று கேட்டார். நல்ல மனிசன், கேட்டுத்தான் வைப்பார். நான் சொன்னேன், வடிவாகச் சரிவரும், சனிக்கிழமை எல்லாருக்கும் லீவுதானே என்று. பிறகு எங்கள் ஆட்கள் ஒவ்வொருத்தருக்கும் ஃபோன் எடுத்தேன். யாரும் வீட்டில் இல்லை. இங்கே சனம் இரண்டு வேலை செய்யும், யார் எடுப்பார்கள். எல்லார் ஃபோன் மெஷினிலும் தகவல் விட்டேன், தமிழில், தெளிவாக, இடம், நேரம், விஷயம். ஒருத்தரும் திருப்பி எடுக்கவில்லை. திருப்பி எடுக்காவிட்டால் வருகிறார்கள் என்றுதானே அர்த்தம்? நீங்கள் எப்படி எடுப்பீங்கள்? நான் அப்படித்தான் எடுத்தேன்.

அன்றைக்கு மண்டபத்தில் எங்கள் ஆள் என்று நான் மட்டும். கதவைப் பார்த்துப் பார்த்துத்தான் இருந்தேன். வால்டரும் கேட்டார், உன் ஆட்கள் வரவில்லையே, கொஞ்சம் பொறுப்போமா என்று. பொறுத்தோம். எவ்வளவு பொறுப்பது? நான்தான் சொன்னேன், தொடங்குவோம் என்று.

நான் பேசினேன். எழுதிக்கொண்டு போனது. ஆறு மறந்துபோன ஒருவரை ஆற்றுக்கு நினைவூட்டவேண்டும் என்று ஒரு வசனம். அதைச் சொன்னபோது கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கைதட்டினது அந்த ஒரு தரம்தான். கையை உயர்த்தி வாக்கெடுத்தார்கள். அட்லாண்டிக் வென்றது, கொஞ்சக் கை வித்தியாசத்தில். எங்கள் ஆட்கள் வந்திருந்தால் மறுபக்கம் போயிருக்கும். எனக்கும் கணக்குத் தெரியும்தானே.

வால்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. நேசன். வேட்டி, அதற்கு மேலே குளிர் ஜாக்கெட், நெற்றி நிறையத் திருநீறு. மண்டபம் முழுக்க எள்ளெண்ணெய் மணம். வால்டர் அவனைக் கண்டு சந்தோஷப்பட்டார். கூட்டத்துக்கென்று விசேஷ உடுப்போடு வந்திருக்கிறாயே, ஆனால் கொஞ்சம் பிந்திவிட்டாய் என்றார். நேசன் அவரைப் பார்க்கவில்லை.

“சனிக்கிழமை எண்டு தெரிஞ்சுதானே வைச்சனி?” என்று என்னைக் கேட்டான்.

நான் சொன்னேன், “சனிக்கிழமை எல்லாருக்கும் லீவுதானே.”

“புரட்டாசிச் சனி. எங்கட சனம் முழுக்கக் கோயிலில நிக்குது. உனக்குத் தெரியாது?”

“தெரியாது.”

அவன் ஜாக்கெட்டை இழுத்து மூடினான். பிறகு மெதுவாகச் சொன்னான், “நல்லா யோசிச்சுத்தான் செய்திருக்கிறாய்.” போய்விட்டான். கதவைக்கூட அடித்துச் சாத்தவில்லை. சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனான்.

புரட்டாசிச் சனி உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பக்கம் அது சனீஸ்வரனுக்கு. எள்ளெண்ணெய் விளக்கு எரித்து, காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். மச்சம் தொடமாட்டார்கள், மீன் இறைச்சியைத்தான் மச்சம் என்கிறேன். உங்கள் பக்கம் அது பெருமாளுக்கு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்ன, ஏதோ சொல்ல வந்தீங்கள்? கொஞ்சம் பொறுங்கோ, முடித்துவிடுகிறேன், விட்டால் தொடர்பு அறுந்துபோகும்.

அன்று இரவு சரோவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “உங்களுக்கு எப்பதான் எது தெரிஞ்சது” என்று சொல்லிப் பேரனிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டா. அவன் ஆங்கிலத்தில் ஹலோ சொன்னான். ஆனால் அவ சொன்னதில் பிழை இல்லை. அவ இருந்த காலத்தில் இந்த நாட்கள் எல்லாம் சமையலறையில் தொங்கின கலண்டரில் இருந்தன. இன்றைக்கு மச்சம் இல்லை என்று அவ சொன்னால் இல்லை. ஏன் இல்லை என்று நான் கேட்டதில்லை. கடையில் நல்ல மீன் வரவில்லையாக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இருபது வருசம் அப்படிப் போனது. இப்போது அந்த ஆணியில் ஒன்றும் இல்லை.

நான் என்னையே எத்தனையோ தரம் விசாரித்திருக்கிறேன் ஐயா. தெரிந்து செய்தேனா? இல்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விசாரணை அதோடு முடிவதில்லை. தெரிந்திருந்தால் மாற்றியிருப்பாயா என்று அடுத்த கேள்வி வரும். அங்கே நான் எழும்பித் தேநீர் போடப் போய்விடுவேன்.

நாலு வருசம் அட்லாண்டிக் வளர்த்தேன். நான்தான். வால்டர் இப்போது முதியோர் இல்லத்தில், என்னைக் கண்டால் பல்லைக் காட்டு என்கிறார். மற்றவர்களும் ஒவ்வொருவராக விட்டுப்போனார்கள். எங்கள் ஆட்கள் அன்றோடு சரி. வெள்ளை முட்டைகளை நான் தனியாகப் பொறுக்குவேன். முந்தி நேசன் உட்கார்ந்த கதிரையில் இப்போது வாளி இருக்கிறது. வசந்த காலத்தில் குஞ்சுகளை ஆற்றில் விடுவேன். விடும்போது தமிழில் ஏதாவது சொல்லி விடுவேன், கேட்க ஆள் இல்லைத்தானே. இதுவரை திரும்பி வந்ததைக் கண்டது இரண்டு. ஒன்றை நான் கண்டேன், ஒன்றைக் கண்டதாக ஒருவர் சொன்னார்.

சினூக் மட்டும் குறைந்துவிட்டது. ஏரியில் நாலு வருசம் வளர்ந்துதான் அது ஆற்றுக்கு வரும், அதனால் அன்றைக்கு நாங்கள் விடாத மீன் இந்த வருசம்தான் தெரிகிறது. போன சனி ஞாயிறு ஒரு குடும்பம் வாளியோடு வந்து கரையில் நின்றது. சின்னப் பெண் ஒன்று, மீன் எங்கே அப்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான் மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன்.

நேசனை இடையில் ஒரு தரம் கண்டேன். எங்கள் ஆட்களின் கடை ஒன்றில், மீன் வெட்டுகிற இடத்தில். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கடைக்காரப் பொடியனிடம் உரத்துச் சொன்னான், “இவருக்கு இந்த மீனொண்டும் சரிவராது தம்பி. வராத மீன் ஏதும் இருந்தாக் குடு.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் விளங்கியது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னோடு கதைக்காவிட்டாலும் என்னைப் பற்றியாவது கதைக்கிறானே.

சரி, இந்த மீன். இதைப் பாருங்கோ. பயப்படாதீங்கோ, பையைக் கொஞ்சம்தான் விலக்குகிறேன். வாலுக்கு முன்னால், முதுகில், சின்னதாக ஒரு செட்டை, நீங்கள் துடுப்பு என்பீங்கள், தெரிகிறதா? நகம் அளவு. பொரிப்பகத்தில் வளர்த்து விடுகிற குஞ்சுகளுக்கு இதை நாங்கள் வெட்டித்தான் விடுவோம், அடையாளத்துக்கு. இது சினூக். ஆனால் செட்டை வெட்டப்படவில்லை. விளங்குகிறதா? இதை யாரும் வளர்க்கவில்லை. இதன் தாயும் தகப்பனும் இந்த ஆற்றுக் கல்லிலேயே முட்டையிட்டு, இது இங்கேயே பொரித்து, ஏரிக்குப் போய், தன்பாட்டில் திரும்பி வந்திருக்கிறது. யாரும் தொட்டி கொடுக்காமல்.

இன்று காலை இதைப் பிடித்துக் கையில் தூக்கின உடனே எனக்கு நேசன்தான் நினைவுக்கு வந்தான். அவன் இந்தச் செட்டையைக் கண்டால் போதும். நீ சொன்னது சரி, இது இந்த ஆற்றின் மீன்தான் என்று நான் ஒத்துக்கொள்கிறேன் என்பது அவனுக்கு விளங்கும். வாயால் சொல்லத் தேவையில்லை. எனக்கு வாயால் சொல்ல வராது. இன்னொரு பக்கத்தால் பார்த்தால், தன்பாட்டில் வருகிற மீனுக்குத் தொட்டி எதற்கு, நான் சொன்னதும் சரிதானே என்றும் சொல்லலாம். அதை நான் இன்றைக்குச் சொல்லமாட்டேன். பிறகு ஒரு நாள், கூழ் குடிக்கும்போது சொல்லலாம்.

இந்த வருசத்து முதல் மீன். திலகாவின் சட்டிக்கு. வாசலில் இதோடு நின்றால் எப்படி உள்ளே எடுக்காமல் விடுவார்கள்? அவன் வீட்டில் இருப்பானா என்றும் யோசித்துத்தான் புறப்பட்டேன். கிழமை நாட்களில் வேலைக்குப் போய்விடுவான். இன்றைக்குச் சனிக்கிழமை, எல்லாருக்கும் லீவுதானே.

என்ன ஐயா? சொல்லுங்கோ. நீங்கள் அப்போதிருந்தே ஏதோ சொல்ல வருகிறீங்கள்.

இன்றைக்கா?

இது செப்டம்பர் அல்லவா. அன்றைக்குக் கூட்டம் நடந்தபோது இலை கொட்டத் தொடங்கியிருந்தது, நான் கையுறை போட்டிருந்தேன். அக்டோபர். அது கடைசிச் சனியா? இது முதல் சனியா? நிச்சயமாகத் தெரியுமா? மகள் கலண்டரில் பார்த்துச் சொன்னாவா?

பெருமாள் கோயிலுக்கா போகிறீங்கள்.

அதுதான் நாமம். அதுதான் தள்ளி இருந்தீங்கள். நான் மணக்கிறதாக்கும் என்று நினைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கோ, கோயிலுக்குப் போகிற மனிசனுக்கு மீனைத் திறந்து வேறு காட்டிவிட்டேன்.

இந்த நேரம் திலகா பின்வளவில் சோறு வைத்திருப்பா. காகத்துக்கு. நேசன் அந்த வெள்ளைப் பறவைகளைக் கலைத்துக்கொண்டு நிற்பான், வேட்டியோடு. அந்த நேரத்தில் நான் இந்த வாலை ஆட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்கப்போகிறேன். புரட்டாசிச் சனியில் மீன். அவன் என்ன நினைப்பான்? நல்லா யோசிச்சுத்தான் செய்திருக்கிறாய் என்று நினைப்பான். வேறு என்ன நினைக்க இருக்கிறது.

திரும்பிப் போகலாம். மீனை என் வீட்டில் வைக்கலாம். நாளைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் நாளைக்குக் கொண்டுபோனால் நான் நாள் பார்த்து வந்ததாக இருக்கும். நாள் பார்க்கத் தெரிந்தவன் என்றால் அன்றைக்கும் தெரிந்துதானே இருக்கவேண்டும்? இல்லையா?

ஐயா, ஒன்று கேட்கிறேன். கேட்கக் கூடாதுதான். நீங்கள் பார்த்தீங்கள்தானே. நான் எவ்வளவு நேரமாக உங்கள் நாமத்துக்குப் பக்கத்தில் இந்த மீனோடு இருந்து, புரட்டாசிச் சனியைப் பற்றி உங்களுக்கே விளக்கம் சொன்னேன். எனக்குத் தெரியாது என்பதற்கு இந்த உலகத்தில் ஒரு சாட்சி இருந்தால் அது நீங்கள்தான். நான் சொன்னால் அவன் நம்பமாட்டான். நெற்றியில் நாமத்தோடு ஒரு பெரிய மனிசன் சொன்னால் நம்புவான். ஒரு வசனம் போதும். “இந்த ஆளுக்கு உண்மையிலேயே தெரியாதுங்க” என்று உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கோ. அடுத்த பஸ் கால்மணி நேரத்தில் வரும். பெருமாள் அங்கேதான் இருப்பார்.

வேண்டாம், விடுங்கோ. யாரோ ஒரு ஆள், மீன் வாளியோடு, ஒரு பைத்தியக்காரக் கதை. கோயிலுக்குப் போகிற வழியில் உங்களுக்கு இது தேவையா? அடுத்தது என் தரிப்பு. அந்தப் பச்சைக் கூரைக்குப் பிறகு.

மணிக் கயிற்றை இழுத்தது யார்? நான் இன்னும் இழுக்கவில்லையே.

நீங்களா? உங்கள் தரிப்பு கடைசி என்றல்லவா சொன்னீங்கள்.

ஓ.

பார்த்து இறங்குங்கோ ஐயா, படி உயரம். இல்லை இல்லை, வாளியில் கை வைக்காதீங்கோ. எனக்குப் பாரம் பழக்கம். நீங்கள் தொடவேண்டாம். இன்றைக்குச் சனிக்கிழமை.